மஞ்சள் துணியில் வெள்ளைக் கறை

சென்ற மாதம் லான் ஒரு பிளாஸ்டிக் பையோடு எங்கள் வீட்டுப் படியேறி வந்தாள். நான் வேலை பார்த்த ஹாத் போய் குழுவில் உடைப் பெட்டிகள் இப்போது அவள் பொறுப்பு. ஹாத் போய் என்பது வியட்நாமின் பழைய கூத்து. முகம் நிறைய வர்ணம் பூசி, முரசும் ஊதுகுழலும் முழங்க, அரசர்களும் தளபதிகளுமாக ஆடுவது. நம் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பையிலிருந்து ஒரு மஞ்சள் பட்டுத் துணியை எடுத்து என் கட்டிலில் விரித்தாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கையால் எத்தனையோ முறை மடித்த துணி.

"ஏழாம் பெரியப்பா, இதோட உள்பக்கத்தைப் பாருங்க" என்றாள்.

உள்பக்கம் காடாத்துணி வைத்துத் தைத்தது. அதில் அங்கங்கே சிவப்புக் கறைகள். நடுவில், ஒரு நெற்றியும் மூக்கும் இரண்டு கன்னமும் பதிந்த மாதிரி, வெள்ளையாக ஒரு கறை.

"இந்தத் துணி சிவப்பு முகத்துக்கு மட்டும்தான்னு சொல்லிக் கொடுத்தீங்க. அப்ப இந்த வெள்ளை எங்கேருந்து வந்துச்சு? குழுவில யாருக்கும் தெரியல. துவைச்சு எடுத்துடவா?"

"துவைக்காதே" என்றேன். உள்ளே காபி வடித்துக்கொண்டிருந்த என் மனைவி ரொசாலி, "ஆரம்பிச்சிட்டாரு. பொண்ணே, உக்காந்துக்க. சீக்கிரம் முடியாது" என்று குரல் கொடுத்தாள்.

லானுக்கு அன்று சொன்னதை, அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் காரைக்கால்காரன் என்று சொல்லிக்கொண்டாலும் பிறந்தது சைகோனில். அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் கருவூல எழுத்தராக வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் வியட்நாமியம். பெரியவனானதும் சைகோனின் பெரிய சந்தையான பென் தானுக்குப் பக்கத்தில் ஒரு நாகூர் முதலாளியின் ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எந்தப் பட்டு எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன். பிறகு அரசு மாறியது. முதலாளி கடையைப் பூட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். எங்கள் சனங்களில் பலர் பிரான்சுக்கு விமானம் ஏறினார்கள். ரொசாலி அப்போது நிறைமாத கர்ப்பிணி. பிள்ளை பிறந்ததும் போகலாம் என்று இருந்தோம். அந்தப் பிள்ளைக்கே பேரன் பிறந்துவிட்டான், நாங்கள் இன்னும் கிளம்பவில்லை.

நாடகக் குழுக்களை அரசு ஒன்றாகச் சேர்த்தபோது பட்டு தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார். அப்படித்தான் உள்ளே போனேன். முதல் இரண்டு மூன்று வருஷம் பெட்டி தூக்கினேன், சரிகை தைத்தேன், திட்டு வாங்கினேன். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பெயர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் ஆளை வீட்டில் எத்தனையாவது பிள்ளையோ அந்த எண்ணை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். இந்தியர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஏழு என்று சைகோன் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டது. நான் என் அப்பாவுக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் எல்லோருக்கும் ஏழாம் அண்ணன்தான்.

உடைக்காரனின் வேலை வெளியிலிருந்து பார்த்தால் மடிப்பதும் விரிப்பதும்தான். சரிகை அங்கிகளைத் துவைக்கவே கூடாது. ஆட்டம் முடிந்ததும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அக்குளிலும் கழுத்திலும் அரிசிச் சாராயத்தை வாயில் வைத்துப் பூவாணமாக ஊத வேண்டும். வியர்வை நாற்றம் போய்விடும். பஞ்சகாலத்தில் சாராயத்துக்கும் தட்டுப்பாடு. எனக்கு முன்னால் இருந்த உடைக்காரர் அங்கிக்கு ஊதியது குறைவு, விழுங்கியது அதிகம் என்று குழுவில் பேசிக்கொள்வார்கள். பெட்டியில் அரசன் அங்கி அடியில், அமைச்சர் நடுவில், படைவீரர் மேலே. எடுக்கும்போது முதலில் வேண்டியது மேலே இருக்க வேண்டும் அல்லவா.

எல்லாவற்றையும்விடக் கடினம் இந்த மஞ்சள் துணி. எங்கள் குழுவின் வழக்கம் இது. வேறு குழுக்களில் வேறு மாதிரி இருக்கலாம். ஹாத் போயில் முக வர்ணமே ஆளின் குணத்தைச் சொல்லிவிடும். சிவப்பு என்றால் நேர்மையானவன், நாட்டுக்கு உண்மையானவன். வெள்ளை என்றால் துரோகி. ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைசி வரிசைக் கிழவிக்குத் தெரிந்துவிடும். சிவப்பு முகம் மேடையில் செத்தால், உடைக்காரன் இடப்பக்கத்திலிருந்து இந்தத் துணியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நடந்து வர வேண்டும். சனங்களைப் பார்க்கக் கூடாது. ஒரே உதறலில் துணி முழுக்க விரிய வேண்டும். காலிலிருந்து மூடிக்கொண்டு வந்து முகத்தைக் கடைசியில் மூட வேண்டும். நாலு பேர் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். சனங்கள் எழுந்து நிற்பார்கள்.

வெள்ளை முகம் செத்தால் இதெல்லாம் கிடையாது. விழுவான், கொஞ்ச நேரம் கிடப்பான், பிறகு தானே எழுந்து அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். வாத்தியக்காரர்கள் அவனைக் கிண்டல் செய்து முரசு தட்டுவார்கள். சனங்கள் சிரித்துத் தீர்ப்பார்கள், சிலர் நிலக்கடலைத் தோலை வீசுவார்கள்.

எங்கள் குழுவில் வெள்ளை முகம் என்றால் ஓங் நாம்தான். ஐந்தாம் ஐயா என்று பொருள். குழுவுக்கே ஆசான் அவர். சின்ன வயதில் அவருடைய குரு முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இவனுக்கு வெள்ளை என்று சொல்லிவிட்டாராம். எங்கள் குழுவில் அப்படி ஒரு முறை சொல்லிவிட்டால் சாகும்வரை மாறாது. மனிதர் சாதுவிலும் சாது. சந்தையில் மீன்காரி மட்டும் அவருக்கு வால் துண்டைத்தான் தருவாள். "நேத்து ராஜாவுக்கு விஷம் வச்சியே, உனக்கு இது போதும்" என்பாளாம். அவரும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை, பாராட்டியும் பார்த்ததில்லை. உடையில் ஏதாவது தப்பு இருந்தால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். கண் மட்டும் என்மேல் இருக்கும். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நான் சுற்றிச் சுற்றி வந்து, இடுப்புக் கச்சை தலைகீழாக இருப்பதையோ தோள் முடிச்சு அவிழ்ந்திருப்பதையோ நானே கண்டுபிடித்துச் சரி செய்தபின்தான் கையை இறக்குவார். வெளியே முரசு ஆரம்பித்துவிட்டாலும் சரி, நகர மாட்டார்.

ஒரு நாள் ஒத்திகை முடிந்து தேங்காய் எண்ணெயில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"ஏழு, நான் சின்னப் பையனா இருந்ததிலேருந்து செத்துக்கிட்டே இருக்கேன். ஒரு தடவைகூட என்னை யாரும் தூக்கிட்டுப் போனதில்ல. ஒவ்வொரு தடவையும் என் காலாலயே எழுந்து வந்திருக்கேன். இன்னும் கொஞ்ச நாள்ல ஓய்வு. ஒரே ஒரு தடவை அந்தத் துணிக்குள்ள போகணும்னு ஆசை."

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. அதை அவர் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் சி தூ வந்தார். நாலாம் அக்கா. பண்பாட்டு அலுவலகத்தில் நாடகங்களுக்கு அனுமதி கொடுப்பவர். போர்க்காலத்தில் காட்டுக்குள் தார்ப்பாய் கட்டி நாடகம் போட்டவர் என்பதால் மேடையைப் பற்றி அவரிடம் யாரும் கதை அளக்க முடியாது. வெளிநாட்டு நாடகம் ஒன்றை ஹாத் போய் முறையில் போட வேண்டும் என்று சொல்லி, ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். குழுவில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அப்படித்தான் உடைக்காரனான நான் கதைசொல்லியும் ஆனேன்.

அது ஸ்காட்லாந்து தேசத்து அரசன் ஒருவனைப் பற்றிய நாடகம். அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்த நாட்டு நாடகக்காரர்கள் கொட்டகைக்குள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் விபத்து நடக்கும் என்று முன்னுரையிலேயே போட்டிருந்தது. நான் அதை வாசித்தேனோ இல்லையோ, எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இந்த மாதிரிப் பயத்துக்கெல்லாம் எங்கள் குழுவில் எப்போதும் இடம் உண்டு. எங்கள் நாடகத்தில் அவனுக்கு வேறு பெயர் வைத்தார்கள்.

கதை இதுதான். ஒரு தளபதி. நீ அரசனாவாய் என்று மூன்று சூனியக்காரிகள் சொல்கிறார்கள். மனைவி தூண்டிவிடுகிறாள். தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த கிழ அரசனைத் தூக்கத்தில் குத்திக் கொன்றுவிட்டு முடிசூடிக்கொள்கிறான். கடைசியில் தப்பிப் போன இளவரசன் படையோடு வந்து அவனை ஒழிக்கிறான்.

நான் சொல்லி முடித்ததும் ஓங் நாம், "இது நம்ம கதைதானே. பேருதான் வேற" என்றார். உண்மைதான். அரசனைக் கொல்லும் துரோகியும் திரும்பி வரும் இளவரசனும் இல்லாத ஹாத் போய் குறைவு. யாருக்கு எந்த வர்ணம் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. கிழ அரசனுக்குச் சிவப்பு, இளவரசனுக்குச் சிவப்பு, ஓங் நாமுக்கு வெள்ளை.

ஆனால் முன்னுரையின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. சரித்திரத்தில் வாழ்ந்த உண்மையான அரசன் இந்த நாடகத்தில் வருகிறவனைப் போன்றவன் அல்லன் என்று. அவ்வளவுதான். வேறு விளக்கம் இல்லை.

எனக்குப் பிறவியிலேயே ஒரு குணம். எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் மடிக்க மாட்டேன். அந்த ஒரு வரி எனக்குச் சட்டைக்குள் புகுந்த எறும்பு மாதிரி ஆகிவிட்டது. இல்லை என்றால் பிறகு எப்படிப்பட்டவன்?

நகரத்தின் பெரிய நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைத் தனி அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். அலுவலகக் கடிதம் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். சி தூவிடம் போய், அந்தக் காலத்து உடை எப்படி என்று பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "உடையை மட்டுமா பார்க்கப் போறே?" என்று கேட்டதற்குக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ரொசாலி ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். நானும் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டே அன்றைக்குக் கண்டதைச் சொல்வேன்.

"தூக்கத்துல குத்தவே இல்லையாம். சண்டைக்களத்துல தோற்கடிச்சிருக்கான்."

"அந்தக் கிழவனையா?"

"கிழவனே இல்ல. வாலிப ராஜா. அவன்தான் இவன் ஊரு மேல படையெடுத்து வந்திருக்கான்."

"அப்ப எதுதாங்க உண்மை அதுல?"

"ரெண்டு பேரும் ராஜா. அது உண்மை."

அவள் சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த அரிசி சிதறியது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே, "என்னா ஆச்சு உங்க ராஜாவுக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் காலத்தில் அங்கே அப்பனுக்குப் பின் மகன் என்று கிரீடம் போகாது. உறவில் எந்தக் கிளையில் வலுவான ஆள் இருக்கிறானோ அவன் எடுத்துக்கொள்வான். இவனும் அரச வம்சத்தோடு தொடர்புள்ளவன், இவன் மனைவி இன்னொரு கிளையில் வந்தவள். "அப்ப அவனுக்கும் பாத்தியம் உண்டு. அடிச்சுப் புடுங்குனான்னு சொல்ல முடியாது" என்று ரொசாலி தீர்ப்புச் சொன்னாள். அந்த மனைவி விதவையாக இருந்து, கையில் ஒரு மகனோடு இவனைக் கட்டிக்கொண்டவள். அந்த மகனைத்தான் இவன் செத்தபின் அரசனாக்கினார்கள். கொஞ்ச காலத்தில் அவனையும் கொன்றுவிட்டார்கள். அதைக் கேட்டு ரொசாலி பாயில் தூங்கிய எங்கள் மகனுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

பதினேழு வருஷம் ஆண்டிருக்கிறான். நடுவில் ரோமாபுரிக்கே புனித யாத்திரை போயிருக்கிறான். அங்கே ஏழைகளுக்கு வெள்ளிக் காசை விதை தூவுகிற மாதிரித் தூவினானாம். இதைக் கேட்டதும் ரொசாலி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ராஜ்யத்தைப் போட்டுட்டு அவ்ளோ தூரம் போயிட்டுத் திரும்பி வந்திருக்கான்னா, ஊருல அவனுக்குப் பெரிய எதிர்ப்பு இருந்திருக்காதுங்க. பயந்தவன் வாசப்படியத் தாண்டுவானா?"

எனக்கு அது தோன்றவில்லை. நான் படித்த புத்தகம் ஒன்றிலும் கிட்டத்தட்ட இதையே எழுதியிருந்தார்கள், அவளுக்குப் பிறகுதான் படித்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஓங் நாம் தேநீரோடு காத்திருப்பார். "நேத்து என்ன கிடைச்சுது?" நான் ரோமைச் சொன்னேன், விதவை ராணியைச் சொன்னேன், இந்த நாடகம் எழுதப்பட்டதே பல நூற்றாண்டு கழித்து, ஜெயித்தவர்களின் வம்சக் கதையை நம்பித்தான் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்.

"அதெல்லாம் சரி. அவன் எப்படிப் போனான்? யாராவது தூக்குனாங்களா, இல்ல கிடந்த இடத்துலயே விட்டுட்டாங்களா?"

அதற்காகவே மறுபடி மறுபடி போனேன். கடைசியில் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு சின்னத் தீவு, துறவிகள் மடம் ஒன்று. முறைப்படி ஆண்ட அரசர்களை அங்கேதான் புதைப்பார்கள். இவனையும் அங்கே கொண்டுபோய் அரசர்களோடு அடக்கம் செய்தார்கள் என்று ஒரு புத்தகம் சொன்னது. இன்னொரு புத்தகம், அப்படி ஒரு பேச்சு உண்டு, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. இரண்டையும் மறைக்காமல் அப்படியே சொன்னேன்.

ஓங் நாம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"தீவுக்கா? அப்ப படகுல?"

"படகுலதான் போயிருக்கணும்."

"கரை வரைக்கும்? தூக்கிட்டுத்தானே போயிருக்கணும். எத்தனை பேரு?"

"அது போடலைங்க."

"நாலு பேராவது இருந்திருப்பாங்க" என்றார். அன்றைக்கு ஒத்திகையில் அவர் குரல் கொட்டகைக் கூரையைத் தொட்டது.

நாங்கள் இருவரும் சி தூவிடம் போனோம். வெள்ளை முகம் வெள்ளையாகவே இருக்கட்டும், செத்தபின் மட்டும் துணி போட்டு மூடித் தூக்கிக்கொண்டு போகிறோம், சரித்திரத்தில் அப்படித்தான் என்று நான்தான் பேசினேன். சி தூ முழுவதையும் கேட்டார். நடுவில் குறுக்கிடவே இல்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இவ்வளவு படிச்சியே, அந்த இளவரசன் யாரோட படையைக் கூட்டிட்டு வந்தான்?"

"பக்கத்து நாட்டு ராஜா கொடுத்த படை."

"ம். அந்நிய நாட்டுப் படையைச் சொந்த நாட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தவனுக்கு நம்ம ஊர்ல என்ன வர்ணம் பூசுவாங்க?"

இந்த நாட்டில் அதற்கு ஒரே வர்ணம்தான், வெள்ளை.

"அதனாலதான் அந்தப் படையை நாடகத்துலேருந்து நான் முதல்லயே வெட்டிட்டேன். உன் சரித்திரம் உள்ளே வந்தா சிவப்பெல்லாம் வெள்ளை, வெள்ளையெல்லாம் சிவப்பு. எனக்கு அது தெரியாதுன்னு நினைக்காதே. ஆனா மேடையில இருக்கிறவன் யாரு? தூங்குற கிழவனைக் குத்தினவன். சனங்க அதைக் கண்ணால பார்க்கிறாங்க. அவனுக்கு மஞ்சள் துணி போட்டா, அந்தக் கிழவன் சாவுக்கு யாரு பதில் சொல்றது?" பிறகு ஓங் நாம் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டு, "ஐயா, துணி கிடையாது" என்றார்.

ஓங் நாம், "சரிம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்தக் கிழவன் சாவுக்கு யார் பதில் சொல்வது என்று சி தூ கேட்டதை இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். திரும்பி வரும் வழியில் ஓங் நாம் எனக்கு ஒரு குவளை கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். சமாதானம் சொல்ல வேண்டியது நான், சொன்னது அவர்.

நாடகத்துக்கு அனுமதி கிடைத்தது. நல்ல கூட்டம். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் பகுதியில் கிழ அரசனை நான் மஞ்சள் துணியால் மூடுவேன், கடைசியில் ஓங் நாம் விழுந்து, எழுந்து, அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். சனம் சிரிக்கும். உள்ளே வந்ததும் அவர் மூச்சு வாங்க ஒரு பெட்டியில் உட்கார்வார். வயதாகிவிட்டிருந்தது. நான் விசிறுவேன். துணியைப் பற்றி அதன்பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓங் நாமின் கடைசி ஆட்டம் சைகோனுக்கு வெளியே தூ டுக்கில், ஒரு ஊர்க் காவல்தெய்வத்தின் கோயில் திருவிழாவில். இப்போது அந்தப் பக்கம் மெட்ரோ ஓடுகிறது, தொழிற்பேட்டைக்குப் போகிற பொறியாளர்கள் தலைக்கு மேலே பறக்கிறார்கள். அப்போது சுற்றிலும் வயல். பகலிலேயே ஆட்டம். சி தூவும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் ரொசாலி, மடியில் மகன்.

கோயில் ஆட்டங்களில் ஒரு விசேஷம் உண்டு. மேடைக்கு எதிரே ஒரு பெரிய முரசு இருக்கும். ஊரில் கூத்து தெரிந்த ஒரு பெரியவர் கையில் கோலோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நன்றாக ஆடினால் தோலில் அடிப்பார். தப்புச் செய்தால் மரவிளிம்பில் 'டொக்' என்று தட்டுவார். ஊர் முழுக்கக் கேட்கும். அதற்கு மேல் முறையீடு கிடையாது. அன்றைக்கு இருந்தவர் கொய்யாத்தோட்டக்காரர், பொல்லாத மனிதர். காலையிலேயே எங்கள் ராணிக்கு ஒரு வரி தப்பியதற்கு விளிம்பில் தட்டி அவளை அழவைத்திருந்தார்.

சாகும் கட்டம் வந்தது. இளவரசன் வாளை வீசினான். ஓங் நாம் அரைச் சுற்றுச் சுற்றி விழுந்தார். வாத்தியக்காரர்கள் ஓட்டத்துக்கான கிண்டல் தாளத்தை ஆரம்பித்தார்கள். ஓங் நாம் எழவில்லை. தாளம் ஒரு சுற்று வந்தது, எழவில்லை. இன்னொரு சுற்று. பிறகு தாளம் தானாக நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ, "கிழவருக்குக் கால் பிசகிடுச்சு போல" என்றார்கள். மறைவிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்மேல் இருந்தது.

எனக்கு அந்தப் பார்வையைத் தெரியும். கச்சை தலைகீழாக இருக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. என்ன தப்பு என்று நானே கண்டுபிடிக்கும்வரை அவர் நகரப் போவதில்லை.

மஞ்சள் துணி என் பக்கத்துப் பெட்டியின் மேல் இருந்தது. எடுத்து உள்ளங்கைகளில் ஏந்தினேன். வேலை போகும், நாடகத்துக்குத் தடை வரும், எல்லாம் தெரியும். இடப்பக்கத்திலிருந்து நடந்தேன். சனங்களைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது. பேச்சுச் சத்தம் முழுக்க அடங்கிவிட்டது. ஒரே உதறல், துணி விரிந்தது. கால், இடுப்பு, மார்பு. முகத்தை மூடும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளை வர்ணம் வியர்வையில் இன்னும் ஈரமாக இருந்தது.

முரசுக்காரர் கோலை உயர்த்துவது ஓரக்கண்ணில் தெரிந்தது. மரத்தில் 'டொக்' என்று விழப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கோல் அப்படியே மேலே நின்றது. தோட்டக்காரர் யோசித்தார். பிறகு தோலில் விழுந்தது. தொம். கொஞ்சம் விட்டு இன்னொரு தொம். பிறகு மூன்றாவது.

பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது, எல்லோரும் எழுகிறார்கள். சி தூவும் எழுந்தாரா என்று நான் பார்க்கவில்லை. ரொசாலி பிறகு சொன்னாள்: "அந்த அம்மா கொஞ்ச நேரம் உக்காந்துதான் இருந்தாங்க. அப்புறம் கைப்பையைப் பெஞ்சுல வச்சுட்டு எழுந்து நின்னாங்க." என்னிடம் சி தூ அதைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வலது ஓரம் தரையில் இழுபட்டது, அடுத்த முறை கவனி என்றார்.

லான் இங்கே குறுக்கிட்டாள். "துணியை யாருக்குப் போட்டீங்க பெரியப்பா? அந்த ராஜாவுக்கா, ஓங் நாமுக்கா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அந்தத் துணிக்குள் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது.

தூக்குவதற்கு ஆள் வேண்டுமே. படைவீரர்களாக நின்றவர்கள் இளவரசனைப் பார்த்தார்கள். அந்த அரசனை இப்போதுதான் கொன்ற இளவரசன், சிவப்பு முகத்தோடு, வாளைத் தரையில் வைத்துவிட்டுத் தலைமாட்டுக்கு வந்து குனிந்தான். படைவீரர்களில் மூவர் பின்னால் வந்தார்கள். தூக்கினார்கள். நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். முரசு அடித்துக்கொண்டே இருந்தது.

திரைக்குப் பின்னால் வந்ததும், வழக்கமாக இறக்கும் இடத்தில் அவர்கள் குனிந்தார்கள். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இறக்காதீங்கடா. இன்னும் கொஞ்ச தூரம்."

பெட்டிகளைத் தாண்டி, சமையல் அடுப்புகளைத் தாண்டி, கோயிலின் பின்வாசல் வழியாக வெளியே போனோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வரப்பின் முடிவில் ஒரு வாய்க்கால், அதில் யாரோ கட்டிவைத்த படகு. அதுவரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம்.